ஸலாஹுதீன் முதலாளியின் கடை வாசலில் சுதேசி இயக்கம்

வீரர்களுக்குச் சரித்திரம் எழுத ஆளிருக்கிறது. பயந்தவர்களுக்கு யார் இருக்கிறார்? மதுரங்குளி பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் கனமூலை ஊர்க்காரர் ஸலாஹுதீனுக்காக அந்தக் கடமையை நான் ஏற்கிறேன்.

அவர் போகிற போக்கில் பயப்படுகிறவர் அல்ல, முறையாகப் பயப்படுகிறவர். மோட்டார் சைக்கிள் படபடத்தால் கை தானாக ஷட்டருக்குப் போகும். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிப் போஸ்டருக்கும் சுவரில் இடம் கொடுப்பார். நாலு பேர் சேர்ந்து சிரித்தால் என்ன விஷயம் என்று ஆள்விட்டு விசாரிப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பு தெற்கே ஒரு சந்தியில் அவருக்குக் கடை இருந்தது. முதலில் ‘முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள்’ என்று ஒரு தாள் ஒட்டினார்கள். பிறகு ஒரு பின்னேரம் கடையையே எரித்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் வரலாற்று ஆசிரியை ஃபாஹிமா வந்து நின்றார்.

“நானா, உயர்தர வகுப்புக்கு ஒரு வீடியோ எடுக்கோணும். இந்தியாவில வெள்ளைக்காரன்ட துணிய வாங்க வேணாமெண்டு மறியல் செஞ்சி, குமிச்சி எரிச்சாங்களே, அந்தப் பாடம். பிள்ளைகள் உங்கட கடைக்கு முன்னால நிண்டு கத்துவாங்க. நீங்கதான் சீமைத்துணி முதலாளி.”

“எனக்கு நடிக்கத் தெரியாதே டீச்சர்.”

“நடிக்க வேணாம். பயந்த மாதிரி நிண்டாப் போதும்.”

ஸலாஹுதீன் மறுத்திருப்பார். மகள் ஷிம்லா அந்த டீச்சரின் வகுப்பில் படிக்கிறாள். மறுக்கவும் பயமாக இருந்தது.

எரிப்பதற்கு எலி கடித்த திரைச்சீலைத் துணி ஒரு கட்டுக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான், நெருப்பு கூரைக்குத் தாவினால் என்ன செய்வது என்ற யோசனை வந்தது. மறியல் நாள் காலையில் ஒருவருக்கும் தெரியாமல் அந்தத் துணிக்கட்டைத் தண்ணீர் வாளியில் அமுக்கி எடுத்து, மேலே மட்டும் காய்ந்த துண்டொன்றைச் சுற்றி வைத்தார். வங்காளத்திலிருந்து பம்பாய்வரை எந்தச் சீமைத்துணி வியாபாரிக்கும் தோன்றாத தந்திரம் அது.

“அந்நியத் துணி வாங்காதே!” பிள்ளைகள் கத்தினார்கள். எல்லாரையும்விடச் சத்தம் போட்டவள் ஷிம்லா. பெற்ற மகள் தன் கடையில் வாங்காதே என்று நடுறோட்டில் கத்துவதை, படியில் நின்று முழங்கால் நடுங்கக் கேட்டுக்கொண்டிருந்தார் தகப்பன்.

“அருமை நானா! அப்பிடியே நடுங்குங்க!” என்றார் போனைப் பிடித்திருந்த ஃபாஹிமா.

தீக்குச்சி கிழித்தார்கள். மேல்துண்டு குப்பென்று பற்றியது. ஈரத்தைத் தொட்டதும் நெருப்பு செத்து, புகை எழும்பியது. மாட்டுச் சாணிக் குவியலுக்குத் தீ வைத்ததுபோல அப்படியொரு புகை. களப்பு நீர்ப்பரப்பிலிருந்து வந்த காற்று அதை பஸார் முழுக்கக் கொண்டுபோய்ப் பங்கிட்டது.

தூரத்தில் நின்றவர்களுக்குப் பிள்ளைகளும் தெரியவில்லை, போனும் தெரியவில்லை. முஸ்லிம் ஆள் ஒருவரின் துணிக்கடை வாசலில் புகை. கூட்டமாகக் கூச்சல். அவர்களுக்கு அது போதும். மருந்துக்கடை ஷட்டர் முதலில் விழுந்தது. பிறகு போன் கடை, பாண் சுடுகிற கடை, சாப்பாட்டுக் கடை. சிங்களவர் கடை, தமிழர் கடை, முஸ்லிம் கடை என்ற பேதமில்லாமல் எல்லா ஷட்டரும் மளமளவென்று இறங்கின. தேசிய ஒற்றுமை பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் அன்றைக்கு மதுரங்குளிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஃபாஹிமா துள்ளிக் குதித்தார். “ஹர்த்தால்! இதுவும் பாடத்தில இரிக்கி!”

அந்தப் புகை எதனால் வருகிறது என்று உலகத்திலேயே அறிந்த ஒரே மனிதர் ஸலாஹுதீன். ஆனால் ஷட்டர் விழும் சத்தத்தில் அந்த அறிவு அவரை விட்டு ஓடிப்போனது. இத்தனை பேர் பூட்டுகிறார்கள் என்றால், தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று வருகிறது. ஷிம்லாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்க வாப்பா! இன்னும் முடியல்ல!”

“முடிஞ்சி மகள். எல்லாம் முடிஞ்சி.”

கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த நிக்கொலஸின் சீமெந்துக் கடைக்கு ஓடினார். அதுவும் பூட்டியிருந்தது. தட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். அந்தப் பழைய சந்தியில் ஒவ்வொரு கதவாகத் தட்டியவர் அவர். ஒன்றும் திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டிப் பார்க்கக் கைக்குத் தைரியம் வரவில்லை.

தட்டாமலே கதவு ஒரு சாண் திறந்தது.

“என்ன முதலாளி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பிள்ளைய இழுத்துக்கிட்டு உள்ளுக்கு வாங்க!”

உள்ளே இருட்டில், சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே, பாண் கடைக்காரரும் ஓட்டோக்காரர் ஒருவரும் குந்தியிருந்தார்கள். நிக்கொலஸின் கையில் ஜெபமாலை இருந்தது. தேவாலயத்துக்குப் போகும் மனிதர். தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவருக்கும் சொந்தமாக ஒரு பயம் உண்டு.

“யாரு வந்திருக்காங்க?” என்று நிக்கொலஸ் கிசுகிசுத்தார்.

“ஒருத்தரும் வரல்ல அங்கிள்,” என்றாள் ஷிம்லா. “நாங்கதான் கத்தினது. வரலாற்றுப் பாடம்.”

நிக்கொலஸ் ஸலாஹுதீனைப் பார்த்தார். “மெய்யா முதலாளி?”

“அப்பிடித்தான் சொல்றாங்க.” ஸலாஹுதீன் வியர்வையைத் துடைத்தார். “போன தடவையும் பொடியன்மார் சும்மா சத்தம் போடுறாங்க எண்டுதான் சொன்னாங்க.”

வெளியே ஃபாஹிமாவின் குரல் கேட்டது: “நானா! துணி ஈரம்! காஞ்சது ஒண்டு தாங்க, திரும்ப எடுப்பம்!”

நிக்கொலஸ் எழும்பிப் போய் இரண்டாவது தாழ்ப்பாளையும் போட்டார்.