விறகுக்கடைத் தராசில் ஏறிய பிள்ளைகள்

பட்டினப்பாக்கம் குப்பத்தை ஒட்டி, ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் தங்கம் ஒரு குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செலவு மயிலாப்பூர் மாதர் சங்கம் ஒன்றுடையது. குப்பத்தில் என்னவோ அதற்குத் 'தங்கம் டீச்சர் ஸ்கூலு' என்றுதான் பேர். மீன் கூடையோடு மந்தைவெளிக்கும் மாம்பலத்துக்கும் போகிற பெண்கள், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஏழு வருஷமாக அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

1974 பொங்கல் கழிந்த மறுவாரம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருகிற ஜூன் முதல் கைக்குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொறுப்பில் இருப்பவர் பயிற்சி வகுப்புக்குப் போய்த் தேறியிருக்க வேண்டும். இவை இரண்டும் ஜூனுக்கு. மூன்றாவதை மாசி பிறந்ததுமே தொடங்க வேண்டும்: மாதாமாதம் எல்லாப் பிள்ளைகளையும் எடை பார்த்து எழுதி அனுப்புவது.

தங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் தூத்துக்குடிப் பக்கம் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவள் புருஷன் வைரவன் தி. நகரில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு அவன் சொன்னான்: "நான் அஞ்சாங்கிளாஸு. நீ எட்டாங்கிளாஸு. இந்த வீட்ல நீதான் பெரிய படிப்பாளி. போய்ச் சேரு."

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு. கூடப் படித்த பெண்களுக்கெல்லாம் இருபது வயதுக்கு மேல் இராது, இவளுக்கு முப்பத்தாறு. முதல் நாள் அவளை டீச்சர் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. விளையாட்டுச் சாமான் செய்துவரச் சொன்னார்கள். வைரவன் கடையிலிருந்து காலிப் புடவைப் பெட்டிகளைக் கட்டித் தூக்கிவந்தான். அவற்றை வெட்டி யானை, படகு, பஸ் எல்லாம் செய்தாள். யானை மட்டும் கொஞ்சம் பன்றி மாதிரி இருந்தது.

எடை பார்ப்பதில்தான் தகராறு. இயந்திரம் ஜூனில் வரும் என்றார்கள். எடை இப்போதே வேண்டும் என்றார்கள். தங்கம் பக்கத்துத் தெருவில் விறகுக்கடை வைத்திருந்த அப்துல் கரீமிடம் போய் நின்றாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"சவுக்கு நிறுத்திருக்கேன், புளியங்கட்டை நிறுத்திருக்கேன். புள்ளைங்களை நிறுத்ததில்லைம்மா. சரி, கூட்டிட்டு வா."

மறுநாள் பெரிய தராசின் தட்டைக் கழுவி, புதுப்பாய் விரித்து வைத்திருந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அதற்குள் கெங்கம்மா கூடையை இறக்கிவிட்டு வந்து குறுக்கே நின்றாள். அவள் மகள் வசந்திக்கு மூன்றரை வயது.

"இன்னா டீச்சரம்மா, எம்புள்ள இன்னா வஞ்சிர மீனா, தராசுல போட்டு நிறுக்க? கண்ணு பட்டுப்பூடும். நான் ஒத்துக்க மாட்டேன்."

மற்றத் தாய்மார்களும் பிள்ளைகளை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். தங்கம் ஒரு நிமிஷம் யோசித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கரீம் பாய் மறுதட்டில் கற்களை ஏற்றிக்கொண்டே போனார்.

"அறுபத்திரெண்டு கிலோ!"

"பாய், கட்டை இன்னும் ஈரம் காயலை போலகீதே!" என்றாள் கெங்கம்மா. கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. சிரித்த பிறகு சண்டை போட முடியுமா? பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தட்டில் ஏறின. ஊஞ்சல் என்று நினைத்து ஒருத்தன் இறங்கவே மாட்டேன் என்றான்.

வசந்திக்கு முன்னால் ஏறியவன் அவள் வயதுப் பையன். பதினாலு கிலோ இருந்தான். வசந்தி ஏறினாள், தட்டு அசையவில்லை. பாய் மறுதட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். ஒன்பது கிலோவில்தான் முள் நேராக நின்றது. நாள் தவறாமல் தூக்கிக் கொஞ்சிய பிள்ளை. ஒல்லி உடம்பு என்றே இருந்துவிட்டோமே என்று நினைத்தபடி தங்கம் அவளைத் தட்டிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நா யாவாரத்த வுட்டுடு கெங்கம்மா. ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள்.

வயிற்றில் பூச்சி, ரத்தம் குறைவு என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார். தங்கம் மத்தியானக் கஞ்சியில் வேர்க்கடலை மாவைக் கலந்து கூட நாலு வாய் ஊட்டினாள். மே மாதம் வசந்தி பதினொன்றரைக் கிலோ. அன்று கெங்கம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு எடை பார்க்கும் நாளில் வீடு வீடாய்ப் போய்ப் பிள்ளைகளை இழுத்துவருவது அவள்தான்.

அந்த மாதமே பரீட்சையும் வந்தது. எழுத்தில் சுமார். வாய்மொழித் தேர்வில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கேட்டார்: "இருபது குழந்தைகள் ஒரே நேரத்துல அழுதா என்ன பண்ணுவீங்க?"

"இருக்கதுலயே சத்தமா அழுதத இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் போவேம்மா. மத்ததெல்லாம் அதுக்கு என்ன கெடச்சுதுன்னு பாக்க அழுகைய நிறுத்தும்."

அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். தங்கம் தேறிவிட்டாள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் இந்தத் தடவை அவள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். கைக்குழந்தைகள் வந்தால் ஓர் ஆயா இல்லாமல் முடியாது என்று நேராகவே எழுதினாள். ஆயா அவசியந்தானா என்று பார்க்க, ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை காரியதரிசி ஜெயபாரதி அம்மாளே நேரில் வந்தார். பட்டுப்புடவை, கையில் நோட்டுப் புத்தகம். உள்ளே உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள், பதினொரு கைக்குழந்தைகள், அதில் ஏழு கத்திக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா" என்று தங்கம் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பால் ஆற்றப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் பட்டுப்புடவை நனைந்துவிட்டது. ஜெயபாரதி அம்மாள் முகத்தைச் சுளிக்கவில்லை. இன்னொரு கையால் அடுத்த தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆயா பத்தாது தங்கம்," என்றார். "ரெண்டு பேரா எழுதிக்கோ."