மகள் அனுப்பிய படத்தின் நிறம்

என் தங்கையின் கணவரை அவர் வேலை பார்த்த பெயிண்ட் கடையில் எல்லோரும் ‘கலவை’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் ஒரே கடையில் நிறம் கலந்தவர். கலவை இயந்திரம் வந்த பிறகும், அது கொடுத்ததை இவர் பார்த்துச் ‘சரி’ சொன்ன பிறகே டப்பாவுக்கு மூடி போட்டார்கள். வெள்ளை அட்டையில் கட்டைவிரலால் ஒரு கோடு இழுப்பார், காயவிடுவார், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். காய்வதற்குள் யாராவது அவசரப்படுத்தினால், “ஈர நிறம் பொய் சொல்லும்” என்பார். வாங்க வந்தவர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாலும், சரியில்லாத நிறத்தை அவர் சரி என்று சொன்னதில்லை. அந்த வாயே போன மாதம் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

அவருடைய ஒரே மகள் ஒளிப்பதிவாளர். பல வருடம் மற்றவர்களின் படங்களுக்கு உழைத்துவிட்டு, முதல் முறையாகத் தனக்கென்று ஒரு படம் எடுத்திருந்தாள். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வண்ணம் அடிப்பவர்களைப் பற்றியது, இருபத்திரண்டு நிமிடம். அதை இணையத்தில் அனுப்பிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“வெள்ளிக்கிழமை படத்தை ஒப்படைக்கணும்பா. நிறம் நீங்க சரின்னா அப்படியே குடுத்துடுவேன். இல்லன்னா சொல்லிடுங்க, மாத்திடறேன். என் மனசு நோகும்னு மழுப்பாதீங்க.”

மாப்பிள்ளை படத்தைக் கணினியில் இறக்கி, ஓய்வு பெற்றபோது வாங்கிய பெரிய டிவியில் போட்டுப் பார்த்தார். படம் சாம்பல் பூத்த மாதிரி வந்தது. கடல் பாத்திரம் கழுவிய தண்ணீர் போல இருந்தது. வெல்டிங் பொறிகள் சுண்ணாம்புத் தூளாய் உதிர்ந்தன. அவள் கெட்டிக்காரி என்று அவருக்குத் தெரியும். ஆனால் கண் எதிரே தெரிவது வேறாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல நாக்கு வரவில்லை. நன்றாக இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

புதன்கிழமை நான் போனபோது, தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, நீங்களாவது கேளுங்க. அவ போன் பண்ணினா இவர் குளிக்கப் போயிடறாரு. இந்த வாரம் குளிச்ச குளியலுக்கு ஒரு கப்பலையே கழுவியிருக்கலாம்.”

உள்ளே, பட்டப்பகலில் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கணினியில் நிற அளவுகளை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கொஞ்சம் நிறம் கூட்டுவார், கொஞ்சம் கறுப்பு ஏற்றுவார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி கூட்டுவார்.

“என்ன மாப்பிள்ளை, டிவிக்கே பெயிண்ட் கலக்கறீங்களா?”

“சிரிக்காதீங்க மச்சான். முகத்தைச் சரி பண்ணினா வானம் கெடுது. வானத்தைப் பிடிச்சா கப்பல் நழுவுது. அட்டையில வந்திருந்தா இதுக்குள்ள நூறு நிறம் முடிச்சிருப்பேன்.”

தங்கை அந்த இருட்டிலேயே துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். “யார் சாக்ஸ் எதுன்னு தெரியல. நாளைக்கு ஒரு காலுக்குக் கறுப்பு, ஒரு காலுக்கு நீலம் போட்டுட்டுப் போங்க. கலவைன்னு பேரு பொருத்தமா இருக்கும்.”

அன்று மத்தியானம், மாப்பிள்ளை சொல்லி வைத்திருந்தபடி டிவிக் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். டிவிக்குள்ளேயே இருந்த ஒரு மாதிரிப் படத்தை ஓடவிட்டார். பூவும் நெருப்பும் பளீரென்று எழுந்தன. “டிவியில ஒரு குறையும் இல்ல சார். உங்க படம்தான் மங்கல். எடுத்தவங்க சரியா எடுக்கல போல” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். எடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. தங்கை மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். மாப்பிள்ளை அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து வழியனுப்பினார். திரும்பி வந்து டிவியின் முன்னால் உட்கார்ந்தார்.

பிறகு, “மச்சான், அந்த ஆள் படம் போட்டப்ப மேல் மூலையில மூணு எழுத்து வந்துச்சே, பார்த்தீங்களா?” என்றார்.

பார்த்திருந்தேன். எச்.டி.ஆர். என்று வந்து மறைந்தது. கண் கூசும் வெளிச்சத்தையும் ஆழமான இருட்டையும் ஒரே காட்சியில் காட்டுகிற முறைக்கு அந்தப் பெயர். மகளும் தன் படத்தை அந்த முறையில்தான் முடித்திருந்தாள்.

“நம்ம படத்துக்கு அது வரவே இல்ல. அப்போ டிவிக்கு இது அந்த மாதிரிப் படம்னே தெரியல.”

படத்தைப் பென்டிரைவில் போட்டு டிவியிலேயே நேராகச் செருகிப் பார்த்தோம். இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது என்றது டிவி. கணினி வழியாகத்தான் போயாக வேண்டும். கணினியின் திரை அமைப்பில் எச்.டி.ஆருக்கு ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் அழுத்த முடியாமல் மங்கிக் கிடந்தது. இணைத்திருக்கும் டிவி இதை ஏற்காது என்று ஒரு வரி வேறு. பூவையும் நெருப்பையும் சற்று முன்புதான் காட்டிய டிவி அது.

வியாழக்கிழமை காலை நான் போவதற்குள் டிவியின் கையேட்டைக் கரைத்துக் குடித்திருந்தார். டிவியின் பின்னால் நான்கு எச்.டி.எம்.ஐ. துளைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, எச்.டி.ஆர். போன்ற உயர் தரப் படம் வரும் வழியைத் திறந்துவிட வேண்டுமாம். கம்பெனியில் அதை மூடியே அனுப்புகிறார்கள். கணினி செருகியிருந்த துளைக்கு அதைத் திறந்தார். உடனே திரை கறுத்தது, வந்தது, மறுபடி கறுத்தது.

“இருந்ததும் போச்சு” என்றாள் தங்கை.

“இது எந்தக் கேபிள் மாப்பிள்ளை?”

“பழைய டிவிடி பிளேயரோடது. நல்லாத்தானே இருக்குன்னு எடுத்து மாட்டினேன்.”

“பத்து லாரிச் சரக்கை ஒத்தையடிப் பாதையில அனுப்பினா எப்படிப் போகும்?”

அவரே கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தார். மாட்டியதும் திரை நிலைத்தது. கணினியில் மங்கிக் கிடந்த பொத்தான் உயிர் பெற்றது. அழுத்தினார். டிவியின் மூலையில் அந்த மூன்று எழுத்து வந்தது. படத்தை ஓடவிட்டார்.

கப்பலில் வேலை செய்தவர்கள் எல்லோரும் தக்காளி நிறத்தில் இருந்தார்கள். கடல் ஊதா மையாய்க் கொதித்தது.

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. நான்கு நாளாகத் தான் கூட்டிய நிறமும் ஏற்றிய கறுப்பும் கணினியில் அப்படியே இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. “சுவத்துல அடிப்பூச்சு இருக்கான்னு பார்க்காம மேல மேல அடிச்சிருக்கேன் மச்சான். கடையில வேற யாராவது இப்படிச் செஞ்சிருந்தா துரத்தியிருப்பேன்” என்றார். கூட்டியதை ஒவ்வொன்றாகப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு, முதலிலிருந்து போட்டார்.

கப்பலின் வயிற்றடியில் இருட்டு. அதற்குள் துருவின் நிறங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. வெல்டிங் பொறி தெறித்தபோது நான் கண்ணைச் சுருக்கினேன். மாப்பிள்ளை சுருக்கவில்லை. உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி ஒருவர் கப்பலின் பக்கவாட்டில் சிவப்பு அடித்துக்கொண்டு போக, அடித்த இடம் ஈரமாக மின்னியது, அடிக்காத இடம் காய்ந்து கிடந்தது.  படம் முடிந்ததும் அவர் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். அது முடிந்த பிறகு போனை எடுத்தார். வீட்டில் எல்லோரும் கேட்கட்டும் என்றோ என்னவோ, ஒலிபெருக்கியில் போட்டார்.

“என்னப்பா, குளிச்சு முடிச்சாச்சா?” என்றாள் மகள்.

“படம் பார்த்தேன்.”

“ம், சொல்லுங்க.”

“அந்தக் கயித்துல தொங்கறவர் வர்ற இடம். சாயங்கால வெளிச்சத்துல அந்தச் சிவப்பு ஒரு சொட்டு அதிகம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அவ்வளவுதான்.”

“மத்ததெல்லாம்?”

“மத்தது சரி.”

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “அந்தச் சிவப்பு வேணும்னே வெச்சதுப்பா. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சுதாம். கேட்டு எழுதிக்கிட்டு வந்து வெச்சேன்” என்றாள்.

“அதிகம்தான்.”

“அதிகம் இல்லப்பா.”

“சாயங்கால வெயில்ல சிவப்பு தானாவே ஏறும். நீ வேற ஏத்தணுமா?”

“நீங்க எப்பவாவது கயித்துல தொங்கிப் பார்த்திருக்கீங்களா?”

தங்கை எழுந்து திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். “இது இப்போதைக்கு முடியாது. நீங்க கைகழுவிட்டு வாங்கண்ணா, சாப்பிடலாம்” என்றாள். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் அப்பாவும் மகளும் அந்த ஒரு சொட்டுச் சிவப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் குறைக்காமலே வெள்ளிக்கிழமை படத்தை ஒப்படைத்தாள்.