துணி விடாமல் வெட்டிய பிளவுஸ்

ஊரில் யார் ஊதியிருக்கிறார்கள், யார் வற்றியிருக்கிறார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் பிளவுஸ் தைக்கிறவளுக்குத் தெரிந்துவிடும். சிதம்பரம் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். நானும் கனத்த உடம்புக்காரிதான். வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு மளமளவென்று இளைத்தேன். பிறகு ஒரு இடத்தில் எடை நின்றது, நின்றதுதான். என்னைப் போலவே எடை மெஷினை முறைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வாக்கிங் போகிறவர்

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு வாடிக்கைக்கார அம்மா வருவார். ஒவ்வொரு பெருநாளுக்கும் முன்னால், “நாளையிலேர்ந்து வாக்கிங் போறேன், கொஞ்சம் இறுக்கமாவே தைங்க” என்பார். நான் தலையாட்டிவிட்டு, அவர் கொண்டுவந்த அளவு பிளவுஸ்படியே வெட்டுவேன். பின்னால் பிரித்துவிட இரண்டு பக்கமும் உள்ளே துணியும் விடுவேன். பட்டு என்றால் கேட்கவே வேண்டாம். புடவையோடு வரும் துண்டு ஒன்றுதான்; குறைந்தால் அதே துணிக்கு எங்கே போவது? பெருநாள் முடிந்து வந்தவர் சொன்னார்: “நல்லவேளை, நீங்க எம் பேச்சக் கேக்கல. வாக்கிங்கும் போகல, ஒன்னும் போகல.”

பெண் பார்க்க வந்தவர்கள்

என் மகள் சுகன்யாவைப் பார்க்கக் கடலூரிலிருந்து வந்தார்கள். பையனின் அத்தை அவளைப் பார்த்த நேரத்தைவிட என்னைப் பார்த்த நேரம் ஜாஸ்தி. கேசரியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். தகவல் இல்லை. நானே தரகருக்குப் போன் செய்தேன். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பொண்ணு இப்ப நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அம்மா மாதிரி ஆயிடுமோன்னு யோசிக்கிறாங்க” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. என்னால் என் பெண்ணுக்கு இப்படி ஒரு பேச்சா? சுகன்யா பக்கத்தில் வந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். “நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்” என்று வாயை அடைத்தேன். சுகருக்கும் முட்டி வலிக்கும் டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதுதான் இந்த வயிற்று ஆபரேஷன். பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதமே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேட்டார்: “ஒனக்காகத்தான் பண்ணிக்கிறியா, இல்ல அந்த அத்தைக்காகவா?”

பட்டுத் துண்டு

இளைத்த வேகத்தைப் பார்த்து நானே பூரித்துப்போனேன். பழைய பிளவுஸின் கையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. கடைக்கு வந்தவர்கள் தையலை விட்டுவிட்டு என்னைப் பற்றியே பேசினார்கள். அதற்குள் சுகன்யாவுக்கு வேறு இடம் நல்லபடியாக அமைந்தது. எனக்கு மாம்பழக் கலரில் பட்டு எடுத்தார்கள்.

இங்கேதான் புத்தி கெட்டது. இதே வேகத்தில் போனால் கல்யாணத்தன்று என் உடம்பு எந்த அளவில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, இன்னும் வராத அந்த உடம்புக்குப் பிளவுஸ் வெட்டினேன். உள்ளே துணியும் விடவில்லை. இனி ஏறவா போகிறோம் என்ற இறுமாப்பு! என்னோடு தைக்கும் செல்வி கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஊருக்கெல்லாம் துணி வுடுற, ஒனக்கு வுட மாட்டியாக்கா?” என்றாள்.

நடுவில் கொறித்தது

வெட்டிய சில வாரங்களில் எடை நின்றது. இட்லியைப் பாதியாக்கினேன், அசையவில்லை. மெஷின் ரிப்பேரா என்று பார்க்கச் செல்வியை ஏற்றினேன். அவள் எடையைச் சரியாகத்தான் காட்டியது. கடலூரில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். “நடுவுல என்ன சாப்புடுறீங்க?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால், கொக்கி கட்டும்போது ஒரு பிடி மிக்சர், வாடிக்கைக்காரர் தரும் அதிரசத்தில் ஒரு விள்ளல், அவர்களோடு ஒரு டீ. உட்கார்ந்த இடத்திலேயே வேலை செய்கிற எங்களுக்கு அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது.

அவர் திட்டவில்லை. குறைந்த சாப்பாட்டுக்கு உடம்பு பழகியதும் கொஞ்ச நாள் இப்படி நிற்பது எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார். முட்டை, பயறு, நடை என்று சொல்லிக்கொடுத்தார். கல்யாணத்துக்குள் இறங்கிவிடுமா என்று நான் கெஞ்சினேன். “சுகர் கொறஞ்சிருக்கு, மாடிப்படி ஏறி வந்திருக்கீங்க, அதப் பாருங்க. கல்யாணத் தேதியெல்லாம் ஒடம்புக்குத் தெரியாதும்மா” என்றார்.

சிவப்பு ஒட்டு

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பிளவுஸைப் போட்டுப் பார்த்தேன். மூச்சை எவ்வளவு இழுத்தும் கொக்கி எட்டவில்லை. பிரித்துவிட உள்ளே நூலளவு துணி இல்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சுகன்யா வந்து பார்த்தாள். தன் முகூர்த்தப் பிளவுஸில் மிஞ்சிய சிவப்புப் பட்டுத் துண்டை எடுத்துவந்து, “அக்குள்ல ஒட்டுப் போடும்மா, முந்தானை மறைச்சிடும்” என்றாள்.

ஒட்டுத் தைத்தபடியே, அன்றைக்குத் தரகர் சொன்னதை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். அவள் ஊசியை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். “அந்த மாப்பிள்ளைய எனக்கே புடிக்கலம்மா. அன்னிக்கு அதச் சொல்லத்தான் வந்தேன், நீ சும்மா இருன்னுட்ட.”

கல்யாண மேடையில் மாம்பழக் கலர் பட்டுக்குள் சிவப்பு ஒட்டோடு நின்று எல்லாரையும் வரவேற்றேன். வருகிறவர்களுக்கெல்லாம் துணி விட்டு வெட்டுகிற நான், பெற்ற பெண்ணையும் ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம்.