குப்பை என்று நான் அழித்த பக்கம்

2007-ஆம் ஆண்டு மழைக்காலம். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அங்கே விஷ்ராந்த்வாடி என்ற பகுதியில் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். நான் சேர்ந்தது ஒரு சின்ன நிறுவனம். யார் வேண்டுமானாலும் தங்கள் மொழியில் வலைப்பூ எழுதலாம், பிடித்தவர்களைப் பின்தொடரலாம், பின்னூட்டம் போடலாம் என்று ஒரு தளம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் தமிழ்ப் பகுதி என் பொறுப்பு.

ஆறாவது மாதம் முடியும்போதுதான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அந்த நேரம் பார்த்து மேலாளர் கூப்பிட்டு, முகப்புப் பக்கம் முழுக்கக் குப்பையாக இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை, மாதக் கடைசிக்குள் சரிசெய் என்றார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். பேருந்தில் நின்றபடியே மனசுக்குள் பட்டியல் போடுவேன்.

நானாகவே சில விதிகள் வகுத்தேன். நாலு வரிக்குக் குறைந்தவை, புள்ளியோ கமாவோ இல்லாதவை, ஒரே ஆள் ஒரே நாளில் ஏழெட்டு முறை போடுபவை, பாதி வாக்கியத்தில் நிற்பவை. இந்த நாலில் எதில் சிக்கினாலும் குப்பை. ஒரே ஒரு பக்கம் நாலிலும் சிக்கியது. "இன்னிக்கு தோசைக்கரண்டிய இடது கைல" என்று ஒரு பதிவு முடியும். அடுத்த பதிவு, "புடிச்சு ரெண்டு ஊத்தினேன் மூணாவது" என்று நிற்கும். இப்படியே ஆயிரத்துக்கும் மேல். பக்கத்து இருக்கைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஏதோ குழந்தை கணினியில் விளையாடுகிறது என்று முடிவு கட்டினேன்.

விதிப்படி ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினேன். ஒரு வாரத்துக்குள் தரத்தை உயர்த்தாவிட்டால் பக்கம் நீக்கப்படும் என்று. மறுநாள் பதில் வந்தது. இரண்டே சொல்: "நேரம் குடு." மரியாதை தெரியாத பதில் என்று எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரம் கழித்து அழித்துவிட்டேன். முகப்பு பளிச்சென்று ஆனது. மேலாளர் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி. புனேயின் மறு கோடியில் இருக்கும் நிக்டியிலிருந்து ஒருவர்.

"என் சம்சாரம் எழுதினதெல்லாம் காணோம்மா. யார்ட்ட கேக்கணும்னு தெரியல."

நான் விதிகளைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். குரல் உயரவே இல்லை.

"அது சரிம்மா. அவ எப்படி எழுதுதான்னு ஒரு தடவ வந்து பாருங்களேன். சனிக்கிழம எனக்குச் சுட்டிதான்."

திருநெல்வேலித் தமிழுக்கு நடுவே விடுமுறைக்குச் சுட்டி என்கிறார், புனேயில் நெடுநாள் இருப்பவர் என்று புரிந்தது. போகாமலே இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன், திட்டாததுதான் உறுத்தியது. சனிக்கிழமை மழையில் இரண்டு பேருந்து மாறிப் போனேன்.

தொழிற்சாலை ஊழியர்கள் குடியிருக்கும் காலனி. கதவைத் திறந்தது அவர்தான். உள்ளே கணினிக்கு முன்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வங்கியில் வேலை பார்த்தவராம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேலையையும் இடது கையால் மறுபடி கற்றுக்கொண்டு, அதைத்தான் எழுதிவந்திருக்கிறார்.

"நான் அடிச்சுத் தாரேன்னா விடமாட்டா" என்றார் கணவர்.

அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். எங்கள் தளத்தைத் திறந்து, இடது ஆள்காட்டி விரலால் அடிக்கத் தொடங்கினார். தமிழ் எழுத்து ஒன்றுக்கு இரண்டு மூன்று விசை. விசையைத் தேடி, தொட்டு, தவறினால் அழித்து, மறுபடி. எனக்குக் கை பரபரத்தது. பிடுங்கி அடித்துக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரியில் இருந்தபோது திரை சட்டென்று மாறியது. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பக்கம் வந்து நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால், எழுதியது எதுவும் இல்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இதான்… தெனமும்."

பாதுகாப்புக்காக நாங்கள் வைத்த ஏற்பாடு அது. கால்மணி நேரம் திரையில் உள்ள எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டால் ஆள் இல்லை என்று தளம் வெளியே தள்ளிவிடும். தட்டெழுதுவதை அது கணக்கிலேயே எடுக்காது. நானே அதைச் சோதித்துச் சரி என்று சொல்லியிருந்தேன். என் வேகத்தில் சோதித்தேன். அவருக்குக் கால்மணி நேரம் என்றால் இரண்டு வரி. வெளியே தள்ளுவதற்குள், வாக்கியம் எங்கே இருந்தாலும் அதை அப்படியே வெளியிட்டுக் காப்பாற்றியிருக்கிறார். அந்த இரண்டு சொல்லில் அவர் கேட்டதும் நேரத்தைத்தான்.

"திரும்ப… வருமா?" என்றார்.

"வரும்ங்க" என்றேன். வருமா என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் ஓடினேன். அழித்தவை ஏழு நாள்தான் இருக்குமாம். நான் அழித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் புழுங்கினேன். நிக்டியிலிருந்து அழைப்பு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு மணியோசைக்கும் தூக்கிவாரிப்போடும். கடைசியில் அந்த நிக்டி அம்மாவின் பக்கத்தைப் பின்தொடர்ந்த பதினோரு பேருக்கும், பிரதி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கடிதம் எழுதினேன்.

ஒரே ஒரு பெண்மணி வைத்திருந்தார். அவர் இருந்தது விஷ்ராந்த்வாடியிலேயே, என் அறையிலிருந்து பத்து நிமிஷ நடை. அரசு அலுவலகத்தில் வேலை. அவர் கணவருக்கும் பக்கவாதம். பதிவுகளை அலுவலகத்தில் அச்செடுத்து வந்து, தினமும் கணவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த அச்சுத்தாள் கோப்பை என் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் நிறுத்திட்டாங்க? மூணாவது தோசை என்னாச்சுன்னு இவர் கேட்டுட்டே இருக்கார்."

"அவங்க நிறுத்தலைங்க. நான்தான் அழிச்சுட்டேன்."

"அதை அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

மறு சனிக்கிழமை மறுபடி நிக்டிக்குப் போனேன். கோப்பில் முதல் நாலு மாதம் இல்லை. விஷ்ராந்த்வாடிப் பெண்மணி படிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் முறை எழுந்து நின்றது, முதல் முறை தன் பெயரைச் சொன்னது எல்லாம் அந்த நாலு மாதத்தில் இருந்ததாம்.

"அது… போச்சு" என்றார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

மீதியை நானே அடித்துத் தருகிறேன் என்றேன். வாக்கியங்களைச் சேர்க்கவா, இருப்பதைப் போலவே விடவா என்று கேட்டேன். அந்த உடைந்த வரிகள் அவருடைய பாணி என்று அதற்குள் எனக்கு ஓர் எண்ணம் வந்திருந்தது.

"சேருங்க" என்றார். "நான்… முழுசாத்தான்… நெனச்சேன்."

மூன்று வாரம் அடித்தேன். துண்டுகளைச் சேர்த்தபோது ஒரு வாக்கியத்திலும் எதையும் நான் கூட்ட வேண்டியிருக்கவில்லை. எங்கள் தளம் உடைத்த இடத்தைத் தவிர அதில் குறையே இல்லை.

மேலாளரிடம் சொன்னபோது, "பதினோரு பேர் படிக்கிற பக்கத்துக்கா இவ்வளவு?" என்றார். ஆனாலும் எழுத எழுதத் தானாகவே சேமித்துக்கொள்ளும்படி தளத்தை மாற்றும்வரை தினமும் போய் அவர் மேசை முன்னால் நின்றேன். வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது.

இன்றும் இதே துறையில்தான் இருக்கிறேன். யாருடைய எழுத்தையாவது தரமில்லை என்று சொல்ல வாயெடுக்கும்போது அந்த நாலு மாதம் நினைவுக்கு வருகிறது. எழுதியவர் எவ்வளவு பாடுபட்டு அதை எழுதினார் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.