'கெமூஃப்ட்' என்றொரு வினைச்சொல்

எண்பதுகளின் நடுவில் டெக்சாஸில் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. பகல் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை சுவர்தான். ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாள், எழுபத்தைந்து வயதிருக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் பூனையை ஜெர்மனில் திட்டுவது காதில் விழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சென்னையில் மூன்று வருஷம் சாயங்கால வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்து முதல் வகுப்பில் தேறியவள் நான். அந்தச் சான்றிதழால் அதுவரை ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை.

அந்த அம்மாளுடைய தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த ஜெர்மன்காரர்களின் ஊர் அது. கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகளோ, ஜெர்மனில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற ரகம். அந்தப் பேச்சைப் பேச அவருக்கு மிஞ்சியது நான் ஒருத்திதான். பீச் பழக் கேக் சுட்டால் எனக்கு ஒரு தட்டு வரும். தட்டை வெறுமனே திருப்பித் தரலாமா? கேசரியோ வடையோ வைத்துக் கொடுப்பேன்.

"நீங்க இங்கே எப்போ கெமூஃப்ட்?" என்று ஒரு நாள் ஜெர்மனில் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'மூவ்' என்ற இங்கிலீஷ் வினையைப் பிடித்து, இறந்தகாலத்துக்கு ஜெர்மனில் முன்னால் வைக்கும் 'கெ'யையும் பின்னால் வைக்கும் 'ட்'டையும் மாட்டியிருந்தார். போதாததற்கு, போவது வருவதைச் சொல்லும் வினைகளுக்கே உரிய துணைவினை வேறு, இலக்கணசுத்தமாக!

"அப்படி ஒரு சொல்லே கிடையாது. 'உம்கெட்ஸோகன்'னு சொல்லணும்" என்றேன், வகுப்பெடுக்கிற தோரணையில்.

"ஐ ஸீ" என்றார். அதோடு ஜெர்மன் நின்றது, கேக்கும் நின்றது. கடைசித் தட்டு என் சமையலறையிலேயே தங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து எடிசன் என்ற ஊரிலிருந்து என் தமிழ்த் தோழி போனில் கூப்பிட்டாள். "இங்க மூவ் பண்ணி ஆறு மாசமாச்சுடி, இன்னும் டிரைவ் பண்ணக்கூடக் கத்துக்கலை" என்றேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முன்னும் பின்னும் ஒட்டினார், நான் பின்னால் ஒரு 'பண்ணி'யை ஒட்டினேன். இந்த லட்சணத்தில் எனக்கு வாத்தியார் வேலை ஒரு கேடு!

அன்றே ரவையை வறுத்துக் கேசரி கிளறி, தட்டோடு போய் அவர் கதவைத் தட்டினேன்.

"நாங்க மே மாசம் கெமூஃப்ட்" என்றேன், அவருடைய துணைவினையோடு.

அவர் சிரிக்கவில்லை. "சின்ன வயசுல ஸ்கூல்ல ஜெர்மன் பேசினேன்னு டீச்சர் கையிலேயே அடிச்சாங்க" என்றார், ஜெர்மனில். "நான் பேசறது ஜெர்மனே இல்லைன்னு சொன்னது நீ ஒருத்திதான்."

வெட்கமாக இருந்தது. தட்டை நீட்டினேன். அவர் ஒரு வாய் கேசரியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கதவை அகலத் திறந்து, நாற்காலியில் படுத்திருந்த பூனையை எனக்காக எழுப்பி விரட்டினார், ஜெர்மனில் திட்டிக்கொண்டே.