குடலுக்குள் குடல் சொருகிய வியாழக்கிழமை

பல்லே முளைக்காத ஏழு மாதப் பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுத்ததாக அந்தம்மா ஒரு முறுக்குத் துண்டைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவர்களை நம்பினால் பிள்ளை நமக்கில்லை.

போன ரஜப் மாதம், வியாழக்கிழமை. பிள்ளை என் லாத்தாவின், அதாவது அக்காவின், மகள் ஹஸீனா. விடியும்போதே வீறிட்டு அழுதாள். முட்டியை வயிற்றோடு மடக்கிக்கொண்டு துடிப்பாள், பிறகு துவண்டு கிடப்பாள். கால் மணி நேரத்தில் மறுபடியும். குடித்த பாலெல்லாம் வாந்தி. பிறகு வாந்தியே பச்சையாக வந்தது.

லாத்தாவின் மாமியாரை நானும் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர் தொக்கம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். ஏதோ உள்ளே சிக்கியிருக்கிறதாம். வயிற்றைத் தடவி, வாயால் உறிஞ்சி எடுக்க எங்கள் பக்கம் ஆள் உண்டு. அப்படி எடுக்கிற அந்தம்மாவிடம் போக தருமபுரத்துக்கு ஆட்டோ ஏறினோம். நான் மைக்ரோபயாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். வழியெல்லாம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று கத்தினேன்.

"நாலு எழுத்து படிச்சிட்டா நீ டாக்டராடி? நாலு பிள்ளை பெத்தவ நான்" என்றார் மாமி.

முறுக்கு வந்தபிறகு பிள்ளை அசையாமல் கிடந்தாள். தூங்கிவிட்டாள், சரியாகிவிட்டது என்று மாமி எங்களை வீட்டுக்குத் திருப்பினார். அது தூக்கமில்லை. வீட்டில் அழுகை திரும்பியதும் அடுத்த பஞ்சாயத்து: கண்ணூறு, யார் கண்ணோ பட்டுவிட்டதாம். முந்தின நாள் பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் பிள்ளையை வாசலில் வைத்திருந்தது லாத்தாவின் குற்றம். லாத்தா வாய் திறக்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருடம், மச்சான் துபாயில். மாமியை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று மாமியை வெறுத்தேன். லாத்தாவையும்தான். இதை மறைத்தால் நான் சொல்வது சாட்சியே இல்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். நான் பேருக்குத் தொழுகிறவள், எப்போது முடியும் என்று ரக்அத் எண்ணுகிறவள். அன்று பாயில் விழுந்து அல்லாஹ்விடம் சண்டை போட்டேன். இந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது, எடுபடுகிற வாயை நீ திற. அவ்வளவுதான் கேட்டேன்.

எழுந்து திரும்பினால் லாத்தா நிற்கிறாள். கையில் பிள்ளையின் துணி. அதில் சிவப்பு ஜெல்லி மாதிரி ரத்தமும் சளியும். மாமி அதைப் பார்த்தும், மகன் போன் பண்ணட்டும், கேட்டுவிட்டுப் போகலாம் என்று வாசலை மறித்தார்.

"வழிய விடுங்க மாமி. இது என் பிள்ளை."

குரலை உயர்த்தவில்லை. வெளியே போகும்போது போர்த்துகிற துப்பட்டிகூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். எனக்குக் கிடைத்த பதில் அதுதான். அதைவிடப் பெரிய அற்புதத்தை நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. சட்டைக் கை தனக்குள்ளேயே மடங்கிக்கொள்வதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் பார்த்தபடியே பின்வழியாக உப்புத் தண்ணீர் செலுத்தி விடுவித்தார்கள். கத்தி வைக்கவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. நான் என்ன தப்பு செய்தேன் என்று லாத்தா அழுதாள்.

"உலகத்துல எந்த நாட்டுலயும் இது இருக்கும்மா. இந்த வயசுல குடல் அடைச்சா முதல்ல இதைத்தான் சந்தேகப்படுவோம். பெரும்பாலும் காரணமே தெரியாது. உங்க தப்பு எதுவும் இல்ல."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கூடவே கோபம் பொங்கியது. உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வருகிற ஒன்றின் பேர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தாயைக் குற்றம் சொல்ல மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது ஐந்து வேளையும் எண்ணாமல் தொழுகிறேன். சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பிள்ளை விட்டு விட்டு வீறிட்டால், பச்சையாக வாந்தியெடுத்தால், துணியில் ரத்தம் கண்டால் துஆவை ஆட்டோவில் செய்யுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை பெண்களுக்கான மார்க்கச் சொற்பொழிவில், பயானில், பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பேசப்போவது நானில்லை, லாத்தா. மாமி முன்வரிசையில்தான் உட்காருவார். லாத்தா இன்னும் சம்மதிக்கவில்லை. அவளுக்காக துஆ செய்யுங்கள்.