பீடோரில் இல்லாத பிள்ளை

எங்களிடம் தத்து வரவிருந்த குழந்தையை வேண்டாமென்று சொன்னவன் நான்தான். பெற்றவள் மனம் மாறிவிட்டாள் என்று என் மனைவியிடம் சொன்னது பொய். மூன்று ஆண்டுகளாக அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்த்து வருகிறேன்...

உங்களிடம் சொல்கிறேன். சுகுணாவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பீடோர் என்ற சிறு பட்டணத்தில் மணமாகாத ஒரு சீனப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை அது. நல இலாகா அதிகாரி ஈப்போவில் எங்கள் வீட்டை இருமுறை வந்து பார்த்துத் திருப்தியோடு போனார். சுகுணா பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் கண்டனீஸ் மொழி கற்கத் தொடங்கினாள். வெறும் தொட்டிலைப் பார்த்து, "சிக் ஃபான், சிக் ஃபான்" என்று சாப்பிட அழைத்துப் பழகுவாள். நான் சிரிப்பேன்.

"பிள்ளைக்கு அதோட பாஷையும் தெரியணும்லா," என்பாள். "பேரையும் மாத்தக் கூடாது. மெய் லின், மெய் லின்னாவே இருக்கட்டும்."

நான் அறிவியல் ஆசிரியன். ராகுகாலம் பார்க்கும் சக ஆசிரியர்களை வாய்வலிக்கக் கேலி செய்பவன். அந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தை பிறந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கோப்பெங்கில் ஒரு சோதிடரிடம் போனேன்! சீனர்களும் நேரம் பார்ப்பவர்கள். நான் கேட்டதை யாரும் தவறாக எண்ணவில்லை.

"இந்தப் பிள்ளை தாய்க்கு ஆவாது சார். கொண்டு வந்தா உங்க வீட்டம்மாவுக்குத்தான் கண்டம்," என்றார் அவர்.

சுகுணாவுக்கு இருமுறை கரு கலைந்திருக்கிறது. இரண்டாம் முறை ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். நான் பயந்துபோனேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று? மறுநாளே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். கடிதத்தில் அவளுடைய கையெழுத்தையும் நானே போட்டேன்.

என் பொய்யைக் கேட்டுச் சுகுணா இரண்டு நாள் அழுதாள். பிறகு, "பெத்தவகிட்டயே இருக்கட்டும், நல்லதுதான்," என்றாள். "ஆனா அந்தப் பொண்ணு தனியா கஷ்டப்படும்லா. வாங்கி வச்ச சாமானெல்லாம் குடுத்துட்டு வாங்க. நான் வரல. என்னைப் பாத்தா, பிள்ளையக் கேக்க வந்துட்டேன்னு பயப்படும்."

அன்று மாட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் ஒரு பை நிறையத் துணிமணி தருவாள். நான் பீடோர் வரை ஓட்டிப் போவேன். பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் பழைய துணி போடும் பெட்டி ஒன்று உண்டு. அதில் தள்ளிவிட்டு, ஒரு தட்டு மீ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். வீட்டில் கதை சொல்வேன். மெய் லினுக்குப் பல் முளைக்க வைத்தவன் நான். நடக்க வைத்தவனும் நான்... புகைப்படத்துக்கு மட்டும் தாய் சம்மதிக்கவில்லை என்றேன்.

உண்மையான குழந்தை எங்கே? நல இலாகாவில் ஒருமுறை விசாரித்தேன். சொல்ல இயலாது என்றார்கள். அதைச் சாப்பிட அழைக்க யாராவது இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு சுகுணாவிடம், "இன்னொரு பிள்ளைக்கு எழுதிப் போடலாமா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. எனக்குத்தான் மெய் லின் இருக்குலா."

என்ன சொல்வது நான்? சொன்னால் அந்தக் குழந்தை இரண்டாம் முறையும் அவள் கையைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் வேறெந்தக் குழந்தையும் இந்த வீட்டுக்கு வராது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது.

இந்த ஆண்டு அவள் பை தரவில்லை. "சப்பாத்து வாங்கணும். கால் அளவு எடுத்துட்டு வாங்க," என்று ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தாள்.

பீடோரில் காருக்குள் உட்கார்ந்து, மூன்று வயதுப் பிள்ளையின் பாதம் எவ்வளவு நீளமிருக்கும் என்று கைபேசியில் தேடினேன். தாளை மடியில் வைத்து ஒரு பாதம் வரைந்தேன். விரல்கள் சரியாக வரவில்லை. பிள்ளை காலை ஆட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்...

சுகுணா அந்தத் தாளை மேசையில் விரித்து, கோட்டின் மேல் விரலால் ஒருமுறை சுற்றி வந்தாள்.

"கொஞ்சம் அகலக் காலு," என்றாள். "அந்த அம்மாவுக்கும் இப்படித்தான் இருக்குமா?"

பார்க்கவில்லை என்றேன்.

சனிக்கிழமை சப்பாத்துக் கடைக்குப் போகிறோம்.